நியாயஸ்தலச் சீர்திருத்தமும் குடிகளின் முறையீடும்

மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்னும் சரிதத்தை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். கன்றை இழந்த பசு கொம்பினால் மணியை அசைத்தது; அரசன் எழுந்து வந்து நியாயம் வழங்கினான். அக்கதையைக் கேட்குந்தோறும் அரசனது செங்கோலை நாம் வியக்கின்றோம். ஆயினும் ஒன்றை மறந்துவிடுகின்றோம். அந்தப் பசு திருவாரூரிலேயே இருந்தது. மணியும் அதன் கொம்புக்கு எட்டிற்று. அது நம் கண்டாச்சிபுரத்துப் பசுவாயிருந்தால் அதன் கதி யாது? நாட்டில் நீதி உண்டா என்பது ஒரு கேள்வி. அந்நீதி எளியவனுக்கு எட்டுமா என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டாவது கேள்வியை மனத்திற் கொண்டு, நம் சென்னை ராஜதானியில் நியாய பரிபாலனத்தைச் சீர்படுத்தும் பொருட்டும், அதன் குறைகளை விசாரிக்கும் பொருட்டும் துரைத்தனத்தார் நியமித்த இரண்டு கமிஷன்களின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

கும்பினியாரின் கோர்ட்டுகள்

1801-ம் வருஷத்தில் ஆர்க்காட்டு நவாபின் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. தென்னார்க்காடும் அதனோடு வந்தது. அதற்கு முன் கிராமத்து வழக்குகளைப் பெரும்பாலும் கிராமத்தாரே தீர்த்துக்கொண்டனர். பழைய நாளைய சபைகளின் ஒழுங்கு எத்தகையது என்பதற்கு முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளே சான்று. கணக்குக் காட்டாதவனும் குற்றத்திற்கு ஆளானவனும் வாரியத்தில் அமரலாகாது என்று ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தனர். ஆனால் நவாபு காலத்துக் குழப்பங்களில் அவ்வொழுங்கு பெரும்பாலும் சிதைந்து, வலியவன் வகுத்ததே வாய்க்கால் என்னும் நிலை பல ஊர்களில் உண்டாயிற்று.

வங்காளத்தில் கார்ன்வாலிஸ் பிரபு 1793-ல் ஏற்படுத்திய முறையை 1802-ல் சென்னை ராஜதானியிலும் புகுத்தினார்கள். வரி வாங்கும் கலெக்டர் வேறு, வழக்குத் தீர்க்கும் ஜட்ஜி வேறு என்று பிரித்தார்கள். ஜில்லாக் கோர்ட்டு, அதற்கு மேல் நான்கு மாகாண அப்பீல் கோர்ட்டுகள், எல்லாவற்றிற்கும் மேலாகச் சென்னையில் சதர் அதாலத்து என்று படிப்படியாக அமைத்தார்கள். பிரித்ததன் நோக்கம் நல்லதே. வரி கேட்பவனே தீர்ப்பும் சொல்வானாயின் குடியானவனுக்கு நியாயம் ஏது?

ஏட்டில் அழகாயிருந்த அம்முறை நாட்டில் தடுமாறிற்று. ஒரு ஜில்லாவுக்கு ஒரு ஜட்ஜி. அவர் நாட்டு மொழியிலும் நாட்டு வழக்கிலும் பழகாத ஆங்கிலேயர். பிற்காலத்தில் நம் ஜில்லாவின் தலைநகராய் நிலைத்த கூடலூர், கண்டாச்சிபுரத்திலிருந்து 40 மைலுக்கு மேல். அந்நாளில் இருப்புப்பாதையும் இல்லை. நல்ல சாலையும் இல்லை. பத்து ரூபாய்க் கடனுக்காக வழக்கிடுவோன், சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு, கட்டுச்சோற்று மூட்டையுடன் இரண்டு மூன்று நாள் நடந்து போகவேண்டும். கோர்ட்டுக் கட்டணம், வக்கீலின் சம்பளம், சாட்சிகளின் படி என்று கொடுத்து மீள்வதற்குள் கேட்ட தொகையைவிடச் செலவழிந்த தொகை பெரிதாகிவிடும். அன்றியும், வழக்குகள் தீராமல் வருஷக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. நீதி இருந்தது, எட்டவில்லை.

முதற் கமிஷன்: மன்றோ துரை

இக்குறைகள் சீமையில் பார்லிமெண்டு வரையில் எட்டின. காமன்ஸ் சபையின் தனிக் கமிட்டியார் 1812-ல் வெளியிட்ட ஐந்தாம் அறிக்கை அவற்றை விரிவாக ஆராய்ந்தது. 1814 ஏப்ரலில் கும்பினி டைரெக்டர்கள் சென்னைத் துரைத்தனத்துக்குக் கட்டளை அனுப்பி, நியாய பரிபாலனத்தைத் திருத்தியமைக்க ஒரு கமிஷனை நியமித்தார்கள். அதற்குத் தலைவராக வந்தவர் கர்னல் தாமஸ் மன்றோ. சென்னையில் அங்கவடியில்லாத குதிரைமீது வீற்றிருக்கும் வெண்கலச் சிலையைக் கண்டிராத நம்மவர் சிலரே, அவர்தாம் இவர். பாரமகாலிலும் கன்னடத்திலும் கடப்பை பல்லாரிச் சீமைகளிலும் கூடாரமடித்துத் தங்கிக் குடிகளோடு பழகியவர். அவருக்குத் துணைக் கமிஷனராக ஸ்டிராட்டன் துரை நியமனம் பெற்றார்.

கமிஷனுக்குச் சென்னையிலேயே எதிர்ப்பு எழுந்தது. இருந்த முறையை நடத்திவந்த சதர் அதாலத்தாரும் கவர்னரின் சபையாரிற் பலரும் மாறுதலை விரும்பவில்லை. இரண்டு வருஷம் வாதம் நடந்தபின், 1816-ல் ரெகுலேஷன்கள் என்னும் கட்டளைச் சட்டங்கள் வரிசையாகப் பிறந்தன.

நான்காவது ரெகுலேஷன் கிராமத் தலைவனையே கிராம முன்சீபாக்கிற்று. 10 ரூபாய் வரையுள்ள சிறு வழக்குகளை அவன் தீர்க்கலாம். இரு திறத்தாரும் சம்மதித்தால் 100 ரூபாய் வரையில் மத்தியஸ்தம் செய்யலாம். ஐந்தாவது ரெகுலேஷன் கிராமப் பஞ்சாயத்துக்குச் சட்ட பலம் அளித்தது. ஆறாவதன்படி ஜில்லா முன்சீபுகள் ஏற்பட்டனர். அவர்கள் நம் நாட்டவர். 200 ரூபாய் வரையுள்ள வழக்குகளைத் தத்தம் எல்லைக்குள் இருந்து தீர்ப்பவர்கள். இன்று தாலுகாதோறும் காணும் முன்சீபு கோர்ட்டுகளுக்கு வித்து அங்கே இடப்பட்டது. நம் மக்களே நம் வழக்கைத் தீர்க்கத் தகுதியுடையவர் என்பதை அந்நாளில் வற்புறுத்திய ஆங்கிலேயர் மிகச் சிலர். மன்றோ அவருள் ஒருவர். இதற்காக நாம் அவருக்கு நன்றி பாராட்டக் கடவோம்.

ஆயினும் நன்றி பாராட்டுதல் வேறு. குறையை மறைத்தல் வேறு. அக்கமிஷனின் வேலையில் மூன்று குறைகள் இருந்தன.

முதலாவது, பஞ்சாயத்து எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. பழைய பஞ்சாயத்தின் பலம் ஊராரின் நம்பிக்கையில் இருந்தது. சட்டத்தின் பஞ்சாயத்தார்க்கோ ஊதியமில்லை; பொறுப்பும் பழியும் மாத்திரம் உண்டு. பட்சபாதம் செய்தார் என்று குற்றஞ்சாட்டி அவர் தீர்ப்பைத் தள்ளவும் வழி இருந்தது. ஆகவே மரியாதையுடையோர் அதில் அமரத் தயங்கினர். மக்கள் ஜில்லா முன்சீபையே நாடினர். முறிந்துபோன வழக்கத்தைச் சட்டத்தால் ஒட்டவைப்பது அரிது என்பதை இது காட்டும்.

இரண்டாவது, பதினோராவது ரெகுலேஷன் கிராமத் தலைவனுக்கு அளித்த தண்டனை அதிகாரம். அற்ப வைவுக்கும் கைகலப்புக்கும் ஒருவனைப் 12 மணி நேரம் வரையில் சாவடியில் அடைத்து வைக்கலாம். ஆனால், தாழ்ந்த ஜாதியார் என்று எண்ணப்பட்டவராயின், அவரைத் தொழுமரத்தில் 6 மணி நேரம் வரையில் மாட்டி வைக்கலாம் என்று அச்சட்டம் வேற்றுமை செய்தது. குற்றம் ஒன்று, தண்டனை மாத்திரம் பிறப்புக்கு ஒன்று. பின்னாளில் அவ்விதி நீங்கியது. எனினும், கிராமத்தின் பழைய ஒழுங்கை அப்படியே அரசாங்கத்தின் ஒழுங்காக்கினால், அதிலுள்ள அநீதியும் அரசாங்கத்தின் முத்திரை பெற்றுவிடும் என்பதை ஜாதிச் சங்கம் வைத்து நடத்தும் நாம் நன்றாக நினைவில் வைக்கவேண்டும்.

மூன்றாவது குறையே மிகப் பெரிது. ஜட்ஜியிடமிருந்த மாஜிஸ்டிரேட்டு அதிகாரத்தை எடுத்துக் கலெக்டரிடம் கொடுத்தார்கள். போலீஸ் வேலை தாசில்தாரிடம் வந்தது. குடிகளை அறிந்தவர் கலெக்டரே, ஆகையால் அவரே காக்கவும் வல்லவர் என்பது மன்றோவின் எண்ணம். அவரைப் போன்ற கலெக்டர் ஒருவர் எங்கும் இருந்திருந்தால் அது பலித்திருக்கும். ஆனால் கிஸ்தி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸ் தலைவருமானார். அவருடைய சேவகனே வரி கேட்டான். அவனே கைதும் செய்தான். குடியானவன் முறையிடப் போகுமிடமும் அதே கச்சேரியாயிற்று.

சங்கத்தின் குரல்

மன்றோ பின்னர்ச் சென்னைக் கவர்னராகி, 1827-ல் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் உயிர் நீத்தார். அவருக்குப் பின் கால் நூற்றாண்டில், அவர் ஒன்று சேர்த்து வைத்த அதிகாரம் என்ன செய்தது என்பதை நாடு கண்டது. வரி மிகுதி, மழை பொய்த்த வருஷங்கள் பல. வசூல் குறைந்தால் தாசில்தாருக்கு மேலிருந்து நெருக்கடி; அந்நெருக்கடி சேவகன் வழியாகக் குடியானவன் முதுகில் இறங்கிற்று.

இதை வெளியே சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது. சென்னையில் காஜுல லக்ஷ்மிநரசு செட்டியார் 1844-ல் ‘கிரெஸண்ட்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார்; 1852-ல் சென்னைச் சுதேசிகள் சங்கம் அவர் முயற்சியால் ஏற்பட்டது. அச்சங்கத்தார் குடிகளின் குறைகளை எழுதிப் பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் அனுப்பினர். 1853-ல் டான்பி ஸெமூர் என்னும் பார்லிமெண்டு மெம்பர் இந்நாட்டுக்கு வந்தபோது, செட்டியார் அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்று குடிகளின் நிலையை நேரில் காட்டினார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சென்னைக் குடிகள் சித்திரவதை செய்யப்படுகின்றார்கள் என்ற பேச்சு எழுந்தது. அப்படி ஒன்று இருப்பதாக யாம் கேட்டதேயில்லை என்று மறுத்தவரும் அங்கே இருந்தனர். கேட்டதில்லை என்பது உண்மையாயும் இருக்கலாம். கேட்கும்படியாகச் சொல்ல எவனுக்கும் வழியில்லாதிருந்ததே குறை.

இரண்டாவது கமிஷன்

அதன் பயனாக 1854-ல், ஹாரிஸ் பிரபு சென்னைக் கவர்னராயிருந்த காலத்தில், சித்திரவதைக் குற்றச்சாட்டுகளை விசாரிக்க ஒரு கமிஷன் ஏற்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற மூவர் அதன் உறுப்பினர். நார்ட்டன் பேர்பெற்ற பாரிஸ்டர். இக்கமிஷன் ஒரு புதிய காரியம் செய்தது. அதிகாரிகளின் அபிப்பிராயத்தோடு நில்லாமல், குறையுடையோர் நேரில் வரலாம், கடிதமும் எழுதலாம் என்று பொது ஜனங்களுக்கு அறிவித்தது.

அறிவிப்பு வெளியானதும் நடந்ததை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். தென்னாட்டில் அப்போது ரெயில் ஓடவில்லை. 1856-ல்தான் ராயபுரத்திலிருந்து முதல் ரெயில் புறப்பட்டது. நம் பக்கத்திலிருந்து சென்னை 100 மைலுக்கு மேல். தென்கோடி ஜில்லாக்களோ இன்னும் பல மடங்கு தூரம். அப்படியிருந்தும் 519 பேர் நேரில் சென்று நின்றனர். 1,440 பேர் கடிதம் எழுதினர். ஆக 1,959 முறையீடுகள், சில மாதங்களுக்குள். ஊருக்குத் திரும்பினால் அதே தாசில்தார், அதே சேவகன் என்பதை அறிந்தே சென்றார்கள்.

அவர்கள் சொன்னவை கல்லையும் கரைக்கும். வரி பாக்கிக்காக வெயிலில் நிறுத்துதல், குனியவைத்து முதுகில் கல் ஏற்றுதல், உணவுக்கும் மலஜலத்துக்கும் விடாமல் வைத்தல், மாடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் தொழுவில் பூட்டிப் பட்டினி போடுதல் ஆகியவை சாதாரணம். விரல்களைக் கட்டைகளுக்கிடையில் வைத்து நெருக்கும் கிட்டி, உடம்பை வளைத்துக் கயிற்றால் பிணித்து அசையவொட்டாமல் வைக்கும் அண்ணாந்தாள் ஆகிய இரண்டு தமிழ்ச் சொற்களும் கமிஷனின் ஆங்கில அறிக்கையிலேயே ஏறிச் சீமை வரையில் சென்றன. நம் மொழியிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட சொற்களில் இவையும் அடங்கியதை நினைக்க நாணமும் துயரமும் மேலிடுகின்றன. இத்தனையும் பெரும்பாலும் சிறு தொகைகளுக்காக!

1855 ஏப்ரலில் வெளியான அறிக்கை, வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் சித்திரவதை நாடெங்கும் வழக்கிலிருந்தது மெய்யே என்று முடிவு கூறிற்று. தங்கள் மனத்தை மிகவும் வருத்தியது துன்புற்றவனுக்குப் பரிகாரம் கிடைப்பதிலுள்ள கஷ்டமே என்றும் கமிஷனர்கள் எழுதினர். கலெக்டரைக் காண நெடுந்தூரம் போகவேண்டும், பயிர் அழியும். கண்டு மனுக் கொடுத்தாலும் அதன்மீது ஒரு வரி எழுதி, எந்தத் தாசில்தாரைப் பற்றிய புகாரோ அவரிடமே திருப்பியனுப்புவர். ஆடு தன் வழக்கை ஓநாயிடம் எடுத்துச் செல்வது போன்ற நிலை அது. வரி வேலையும் போலீஸ் வேலையும் ஒரே கையில் இருப்பதே நோயின் மூலம் என்று கமிஷன் கண்டது. அதாவது, 1816-ல் முடிந்த முடிச்சை 1855-ல் அவிழ்க்கச் சொன்னது.

இதிலும் ஒரு குறை உண்டு. பழி முழுவதையும் கீழ் உத்தியோகஸ்தர்மேல் சுமத்தி, மேலிருந்த வெள்ளைக்காரக் கலெக்டர்களைக் கமிஷன் விலக்கிவிட்டது. தாங்கமுடியாத தீர்வையை விதித்தவர் யார், வசூலாயிற்றா என்று வருத்தியவர் யார் என்பதை அது போதிய அளவு கேட்கவில்லை. அடித்தவன் கை தெரிந்தது. ஏவினவன் வாய் தெரியவில்லை. ஆயினும், அடி விழுந்தது மெய் என்று அரசாங்கத்தின் ஏட்டிலேயே எழுத வைத்தார்களே, அந்த 1,959 பேர், அது சிறிதன்று.

விளைந்த பயன்

பயன் மெள்ள மெள்ளவே விளைந்தது. 1859-ம் வருஷத்து 24-வது சட்டத்தின்படி சென்னை ராஜதானியில் வரி இலாகாவினின்றும் போலீஸ் பிரிக்கப்பட்டுத் தனி இலாகாவாயிற்று. அதற்குள் இந்தியா முழுமைக்குமான சட்டக் கமிஷன்களும் வேலை செய்துகொண்டிருந்தன. 1834-ல் மெக்காலே தலைமையில் ஏற்பட்ட முதற் சட்டக் கமிஷன் எழுதிய தண்டனைச் சட்டம் 1860-ல் நிறைவேறி, 1862 முதல் அமலுக்கு வந்தது. அதே 1862-ல் சதர் அதாலத்து நீங்கிச் சென்னை ஹைகோர்ட்டு தோன்றியது. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகச் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்ற விதி 1861-ம் வருஷத்துக் குற்ற விசாரணைச் சட்டத்தில் இடம்பெற்றது. 1872-ல் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்திலும் 23-வது பிரிவாக நிற்கின்றது. கிட்டியாலும் அண்ணாந்தாளாலும் வருவித்த ஒப்புதல் எத்தகையது என்பதை நாடு அறிந்திருந்த காலத்தில் பிறந்த விதி அது. இன்று எந்தப் போலீஸ் நிலையத்தில் எவன் நின்றாலும் அவ்விதி அவனைக் காக்கின்றது.

எனினும் மாஜிஸ்டிரேட்டு வேலை நெடுங்காலம் வருவாய் அதிகாரிகளிடமே இருந்தது. நிர்வாகத்தினின்றும் நீதியைப் பிரிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 50-வது பிரிவு பணித்தது. நீதித்துறை மாஜிஸ்டிரேட்டுகளை ஹைகோர்ட்டின்கீழ் வைக்கும் முறை, 1974 ஏப்ரலில் அமலுக்கு வந்த குற்ற விசாரணைச் சட்டத்தினால் நாடு முழுமைக்கும் உறுதியாயிற்று. 1855-ல் சொன்ன நோய்க்கு மருந்து முற்றும் கிடைக்க ஏறக்குறைய 120 வருஷம் ஆயிற்று.

கிராம முன்சீபு பதவியும் 1980-ல் தமிழ்நாட்டில் எடுபட்டது; கிராம நிர்வாக அலுவலர் வந்தார், ஆனால் அவர் வழக்குத் தீர்ப்பவரல்லர். சுதந்திர இந்தியாவின் முதற் சட்டக் கமிஷன் 1955-ல் ஸெதல்வாட் தலைமையில் அமைந்து, 1958-ல் நியாய பரிபாலனச் சீர்திருத்தம் பற்றிப் பெரிய அறிக்கை அளித்தது. 1986-ல் மற்றொரு சட்டக் கமிஷன் கிராம நியாயாலயங்களைச் சிபாரிசு செய்தது. 2008-ல் அதற்குச் சட்டம் பிறந்து, 2009 அக்டோபர் 2 முதல் அமலாயிற்று. ஆனால் அவற்றை ஏற்படுத்துவதை அந்தந்த மாகாண அரசின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். மன்றோ கண்ட தூரம் இன்னும் முழுதும் நீங்கவில்லை என்பதே இதன் கருத்து.

நம் கடமை

அன்பர்களே, இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ள வேண்டியது யாது? முதற் கமிஷனில் குடிகளுக்காக ஒரு நல்லவர் நினைத்தார். இரண்டாவது கமிஷனில் குடிகளே பேசினார்கள். நல்லவர் நினைத்ததிலும் பிழை நேர்ந்தது. குடிகள் பேசியபோதுதான் பிழை வெளிப்பட்டது. அவர்கள் பேசுவதற்கு வழி செய்தது ஒரு சங்கமும் ஒரு பத்திரிகையும். ஆகவே சங்கம் என்பது கலியாணத்துக்கும் கருமாதிக்கும் கூடிக் கலைவதற்கு மாத்திரம் அன்று.

மேலே சொன்ன 1,440 கடிதங்களை எண்ணுங்கள். எழுத அறியாத குடியானவன் ஒருவன், எழுத அறிந்த ஒருவனை நாடியன்றிக் கடிதம் எழுதியிருக்க முடியாது. இன்றும் மனு எழுதத் தெரியாமல், தெரிந்தவனுக்குக் காசு கொடுத்து, எழுதியதில் என்ன இருக்கின்றது என்று அறியாமலே கையொப்பமிடுவோர் நம்முள் உளர். 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர், குறித்த வரம்புக்குட்பட்ட வருமானமுடையோர் ஆகியோருக்குச் செலவின்றி வக்கீல் உதவி உண்டு. லோக் அதாலத்தில் சமாதானமாய் முடிந்த வழக்குக்குக் கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இவற்றை அறியாமல், வரப்புத் தகராறு ஒன்றிற்காக வரப்போடு வயலையும் விற்றவர்களை நம் உறவின் முறையிலேயே நாம் காண்கின்றோம்.

இனி, சிலர்க்குக் கசக்கும் ஒன்றையும் கூறக் கடமைப்பட்டிருக்கின்றோம். நியாயஸ்தலம் தூரமாயிருக்கின்றது, ஆகையால் நாமே தீர்ப்புச் சொல்லிவிடலாமே என்பார் உண்டு. இரு திறத்தாரும் மனமொத்து வந்தால் பெரியோர் சமாதானம் செய்து வைத்தல் நன்றே; அது நம் பழைய தர்மம். ஆனால் அபராதம் விதித்தல், ஊரை விட்டு விலக்கி வைத்தல், கலப்பு மணம் செய்த பிள்ளைகளை வருத்துதல் ஆகியவை நியாயமல்ல; குற்றம். ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டார் தமிழ்நாட்டின் கட்டைப் பஞ்சாயத்துகளைப் பெயர் சொல்லியே கண்டித்து, அவை சட்ட விரோதமானவை என்று தீர்த்தனர். கையில் அதிகாரமும் எதிரே எளியவனும் இருந்து, கேட்பார் ஒருவரும் இல்லாதபோது தாசில்தாரின் கச்சேரி என்னவாயிற்று என்பதை மேலே கண்டோம். நம் சாவடியும் அவ்வாறு ஆகாதென்று எண்ண நியாயமில்லை. தொழுமரத்தில் மாட்டியவனும் ஊர்ப் பெரியவனே.

சங்கம் ஆராய்ச்சி மணியின் கயிறாய் இருக்கவேண்டும். அரியணையாய் இருக்க விரும்பலாகாது. நம் கிளைச் சங்கங்கள் ஒவ்வொன்றிலும் மாதம் ஒரு நாளாவது, சட்டம் அறிந்த நம் இளைஞர் ஒருவர் அமர்ந்து, வருவோர் எக்குலத்தவராயினும் மனு எழுதிக் கொடுத்து, போகவேண்டிய இடத்தைக் காட்டுவாராயின், அதுவே நாம் செய்யத்தக்க சீர்திருத்தம். கமிஷன்கள் வரும், போகும். அறிக்கைகள் அச்சாகும், அலமாரியில் அடங்கும். ஆயினும், பயத்தை விட்டு எழுந்து நூறு மைல் நடந்துபோய் உண்மையைச் சொன்ன அந்த 519 பேருக்கு நாம் செலுத்தும் நன்றி, நம் அண்டை வீட்டு எளியவன் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாதபடி செய்வதேயாகும்.